ஊர் முழுக்க என் கண்

கிட்ட வந்து உட்காரு தாயி. இன்னும் கொஞ்சம் கிட்ட. அங்கே நிலைப்படியோரம் உட்கார்ந்தால் நீ இருக்கிறாயா, எழுந்து போய்விட்டாயா என்று எனக்குத் தெரியாது. மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில் இரு. ஆங், அதுதான். வளையல் போட்டிருக்கிறாய். கண்ணாடி வளையல் இல்லை, மரத்தில் செய்தது. பட்டணத்துப் பிள்ளைகள் இப்போது அதைத்தான் போடுகிறதாமே.

என் தம்பி சோலையைப் பற்றி எழுத வந்திருக்கிறாய். அவன் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டுக்கு ரொம்பப் பேர் வருகிறார்கள். அதற்கு முன்னால் வாசலை மிதித்தது பால்காரனும், தறிக்குத் தார் சுற்ற நூல் கொண்டுவந்து போடுகிறவனும்தான். நீயும் அதே இரண்டு கேள்வியைத்தான் கேட்கிறாய். அவன் வரைந்த ஆட்கள் ஒருத்தர் விடாமல் ஏன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்? படத்துக்கு அடியில் பேர் எழுதாமல் ஏன் ஒரு கறுப்புப் புள்ளியை மட்டும் வைக்கிறான்? முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். புள்ளியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிரஷ்ஷை உதறியிருப்பான். சின்னதிலேயே அந்தப் பழக்கம் உண்டு. சுவரெல்லாம் தெறித்துக் கிடக்கும், நான்தான் சுண்ணாம்பு அடிப்பேன்.

போன தடவை ஒருத்தர் வந்தார். தாடிக்காரர் என்று எதிர்வீட்டு லூர்து சொன்னாள். சோலையப்பன் படத்தில் இருக்கிறவர்கள் தங்களுக்கு உள்ளே பார்க்கிறார்கள், அது ஒரு தியானம் என்றார். உள்ளே பார்க்க என்ன இருக்கிறது ஐயா, குடல்தானே என்றேன். சிரித்தார். எழுதிக்கொண்டாரா என்னவோ.

எங்கள் ஐயா படக்கார முத்தையா. இதே அருப்புக்கோட்டையில், இதே வீட்டில்தான். முன்னால் ஸ்டூடியோ, பின்னால் குடித்தனம். நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் திரை தொங்கும், மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை. அந்தக் காலத்தில் படம் எடுத்துக்கொள்ள யார் வந்தார்கள்? படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்து செத்தார்கள். அதனால் என்ன ஆகும், ஆள் போய்விடும், வீட்டில் கும்பிட ஒரு படம் இருக்காது. அப்போதுதான் ஐயாவைத் தேடி ஆள் ஓடிவரும். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். செத்தவரைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் சாயாமல் மார்புக்குக் குறுக்கே துண்டைப் போட்டு நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, ஒரு படம் எடுப்பார். ஒரு நிமிஷம் அழாதீங்க, ஆட்டம் தெரியும் என்பார். சனங்களும் நிறுத்திக்கொள்வார்கள். எடுத்து முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து அழுவார்கள்.

சோலை படத்தில் ஆட்களுக்கு மார்பில் குறுக்கே ஒரு பட்டை வருகிறதே, அது என்ன என்று தாடிக்காரர் கேட்டார். அவரே ஏதோ சமுதாயம் பூட்டின விலங்கு என்றெல்லாம் பதிலும் சொல்லிக்கொண்டார். அது துண்டு தாயி. கை இரண்டும் மடியில் மல்லாந்து விரிந்து கிடக்கிறது என்கிறீர்களே, பிணத்துக்குக் கை அப்படித்தான் கிடக்கும். சின்ன வயசில் அவன் பார்த்ததெல்லாம் அதுதான். மற்ற பிள்ளைகள் மாடும் மரமும் பார்த்து வளர்ந்தார்கள். எங்கள் வீட்டுக் கொடியில் துணிக்குப் பதில் செத்தவர்கள் படம் காய்ந்தது.

ஆனால் கண் மூடின படத்தை யார் மாட்டுவார்கள்? தூங்குகிறவனுக்குச் சூடம் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். கண்ணைத் திறக்கவேண்டும். படத்தைப் பெரிசாகப் போட்டு, மூடின இமை மேல் பிளேடு முனையை வைத்துப் பூப்போலச் சுரண்டினால் காகிதத்தின் வெள்ளை வரும். அந்த வெள்ளையில் மயிரிழைப் பிரஷ்ஷால் கருமணியும் இமையும் வரையவேண்டும். வரைந்து முடித்தால் ஆள் உன்னைப் பார்க்கும். வெளியில் போர்டில் டச்சப் என்று எழுதியிருந்தது. நாங்கள் கண் திறக்கிறது என்போம்.

ஐயாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஏன் நடுங்கியது என்று கேட்காதே, சாயங்காலம் கடைக்குப் போய்வந்தால் நின்றுவிடும். நடுங்குகிற கையில் பிளேடைப் பிடிக்க முடியுமா? அதனால் சோலையை உட்காரவைத்தார். அப்போது அவனுக்கு மேசை எட்டாது, அரிசி மூட்டையைப் போட்டு அதன் மேல் உட்காருவான். ஐயா சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். மனசில் இருந்து வரையாதே, மனசு பொய் சொல்லும், எதிரில் இருக்கிறதைப் பார்த்து வரை, இருக்கிறதை விடாதே, இல்லாததைப் போடாதே. மனசில் இருந்து வரைந்தால் ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று விழும். ஐயாவுக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறாய்? தெரிந்துவிடும். மனசில் இருந்து போட்ட கண் பொம்மைக் கண்ணாக இருக்கும்.

அப்படியானால் யார் கண்ணைப் பார்த்துப் போடுவது? புருஷனை எரித்துவிட்டு வந்தவளை இங்கே கொண்டுவந்து உட்காரவைக்க முடியுமா? வீட்டில் இருந்தது நான். எங்கள் ஆத்தா சோலையைப் பெற்றதோடு போய்விட்டாள். அவளுக்கும் ஐயாதான் படம் எடுத்தார், அவர்தான் கண் திறந்தார், அதற்கும் என்னைத்தான் உட்காரவைத்தார். அப்போது தொடங்கின வேலை. அந்தா, உனக்கு இடப்பக்கம் இருக்கிறதே சன்னல், அதன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருவேன். சோலையின் மூக்கு நுனியைப் பார்க்கவேண்டும். சிமிட்டக்கூடாது. சிமிட்டாதேக்கா, சிமிட்டாதேக்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லுவான். தண்ணீர் கொட்டும். துடைத்துவிட்டு மறுபடி உட்காருவேன்.

ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டேன். உனக்குத்தான் கண் இருக்கிறதே, முகம் பார்க்கிற கண்ணாடியை எதிரில் வைத்து உன் கண்ணையே பார்த்து வரையேன்டா என்று. ஐயா உள்ளேயிருந்து வந்து என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். "வரையறவன் தன் கண்ணைச் செத்தவனுக்குக் குடுக்கக்கூடாது கழுதை. ஆயுசு போயிரும்" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். இருக்கிறது ஒரே ஆண் பிள்ளை, அவன் ஆயுசு முக்கியம்தானே. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

இன்னொன்று சொல்ல மறந்தேனே. என் இடது கண்ணில், வெள்ளையில், கருமணியை ஒட்டி ஒரு மச்சம் உண்டு. எள்ளை விடச் சின்னது. இப்போது கண் பால் பூத்துப்போய்விட்டது, இருந்தாலும் குனிந்து பார்த்தால் தெரியும். பார், கூச்சப்படாதே. தெரிகிறதா? சோலை அதையும் விடவில்லை. இருக்கிறதை விடாதே என்று சொன்னால் விடமாட்டான், அப்படிப்பட்ட பிள்ளை. ஐயா கவனிக்கவில்லை. கவனித்தபோது பாதி ஊருக்குக் கண் திறந்தாகிவிட்டது. ஈ எச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள், விடு என்றார்.

தெருவில் நடந்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும் தாயி. கதவு திறந்திருக்கிற வீட்டிலெல்லாம் சுவரிலிருந்து நான் பார்ப்பேன். மிளகாய் மண்டிக்காரர் மீசைக்கு மேலே என் கண். லூர்து வீட்டுப் பெரியவர் குருசுக்குக் கீழே தொங்குகிறார், அவருக்கும் என் கண். பிரசவத்தில் செத்த பிள்ளை, தொண்ணூறு வயசுக் கிழவன், எல்லாருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. யார் கண் என்று வெளியே சொல்லக்கூடாது, அது தொழில் ரகசியம். ஐயா அவர்களிடம், முகச் சாடையை வைத்துக் கணக்குப் போட்டுத் திறந்தோம் என்பார். அவர்களும் படத்தைப் பார்த்து, ஆமா, இப்படித்தான் பாப்பாரு என்று அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள்.

எனக்குக் கல்யாண வயசு வந்தது. அதுதான் உனக்குச் சொல்லவந்தது, மற்றதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்தது.

பாளையம்பட்டியில் குருநாதன் என்று ஒருத்தர். சாயப்பட்டறை வைத்திருந்தார்கள். விரல் நகமெல்லாம் ஒருநாள் நீலமாக இருக்கும், ஒருநாள் அரக்காக இருக்கும். உயிரோடு வந்து படம் எடுத்துக்கொண்ட ஆள், அதிலேயே ஊரில் தனி. எடுத்த படம் சரியில்லை என்று மறுபடி வந்தார். அப்புறம் சட்டம் போட வந்தார். சட்டத்துக்கு ஆணி கேட்டு வந்தார். ஐயா, "என்ன தம்பி, அடுத்தது சுவரு கேட்டு வருவியா?" என்றார். திரைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் நகத்தில் என்ன சாயம் இருக்கிறதோ அந்தச் சாயத்தில் அடுத்த நாள் பூ வைப்பேன். இதெல்லாம் எதற்கு எழுதுகிறாய், எழுதாதே.

அவருடைய அம்மா ராக்கம்மாள் பெண் பார்க்க வந்தாள். புருஷன் பால்சாமி செத்துப் பத்து வருஷம் போல இருக்கும். கெட்ட பொம்பளை இல்லை. நல்ல பொம்பளை. வந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்தாள், பிரஷ் கழுவிக் கழுவி மருந்து நாறும் கை, மூக்கைச் சுளிக்கவில்லை. நான் குனிந்த தலை நிமிரவில்லை. பொண்ணு அடக்கமாத்தான் இருக்கு, மொகத்தைக் காட்டும்மா என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். புருஷன் வாசலில் நுழைந்தால் எழுந்து நிற்பார்களே, அந்த மாதிரி. யாரோ பெரியவர் வந்துவிட்டார் என்று மற்றவர்களெல்லாம் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் இல்லை. அவள் என்னிடம் வந்து, என் தாடையைத் தூக்கி, இடது கண்ணைப் பார்த்தாள். அவள் விரல் சில்லிட்டிருந்தது. "எங்க வீட்டுக்காரரு கண்ணு இது" என்றாள். "அந்த மச்சம் உள்பட."

அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. என் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். ஆனால் பூ வைக்காமல் எழுந்துவிட்டாள். போகிறபோது ஐயாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் காது அப்போதே கூர்மை. "இந்தப் புள்ளைய நான் எப்படி அடுப்படியில நிக்க வச்சு வேலை வாங்குவேன், அவரு பாக்குற மாதிரியே பாக்குது. எம்மவன் அவன் அப்பன் கண்ணைப் பாத்துக்கிட்டா குடும்பம் நடத்துவான்?" என்றாள்.

சோலைக்கு அப்போது பதினாறு வயசு. அன்றைக்கே ஐயாவிடம் சண்டைக்கு நின்றான். உண்மையைச் சொல்லிவிடலாம், அது அக்கா கண்தான், அவர் கண் இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்றான். ஐயா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார். "ஊர் முச்சூடும் சாமி கும்புடுற படம்டா. பால்சாமி கண்ணு பொய்யின்னா, எங்கப்பன் கண்ணும் பொய்யா, எம்பிள்ளை கண்ணும் பொய்யான்னு அம்புட்டுப் பேரும் வருவாங்க. அவங்களை இன்னொரு தடவை சாகடிக்கச் சொல்றியா?" சோலை வாயை மூடிக்கொண்டான். நானும்தான்.

ஆனால் அவன் மூளை சும்மா இருக்காதே. கெட்டிக்காரப் பயல். நேரே பாளையம்பட்டி போய்க் குருநாதனைப் பட்டறையில் பார்த்திருக்கிறான். என்ன பேசினார்களோ. ஒரு வாரம் கழித்துக் குருநாதன் அவர் அப்பா படத்தைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார், சட்டத்தில் செல் அரிக்கிறது, மாற்றவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு. ஐயா கமுதிக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார்.

சோலையின் யோசனை இதுதான். படத்தில் இருக்கிற கண்ணைச் சுரண்டிவிட்டு வேறு கண் வைத்துவிடவேண்டும். படத்தில் கண் மாறிவிட்டால் என் கண் என் கண்ணாகிவிடும். அந்த அம்மாளுக்கு, ஏதோ அன்றைக்கு மனசுக்குத் தோன்றினது என்று போய்விடும். எந்தக் கண்ணை வைப்பது? எதிரில் இருக்கிறதைப் பார்த்துத்தானே வரைவான். அப்பா சாடை அப்படியே பிள்ளைக்கு என்று ஊரே சொல்லும். குருநாதன் கண்ணையே வைப்பது என்று முடிவு பண்ணினார்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான்.

குருநாதன் முக்காலியில், சன்னலோரம், என் இடத்தில் உட்கார்ந்தார். என் மூக்கைப் பாருங்க, சிமிட்டாதீங்க என்றான் சோலை. நான் திரையை விலக்கிக்கொண்டு நின்றேன். தாயி, அதுவரைக்கும் நான் அவரைக் கால்விரலிலிருந்து கை நகம் வரைக்கும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவரால் திரும்ப முடியாது, என்னைப் பார்க்கவும் முடியாது. நான் பாட்டுக்குப் பார்த்தேன். புருவத்தில் ஒரு பக்கம் சாயம் தெறித்திருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது, துடைக்காமல் இருந்தார். எரியுதா என்று கேட்டேன். அதுதான் நான் அவரிடம் பேசின முதல் பேச்சு. "நீ இத்தனை வருஷம் எப்படி இருந்த?" என்றார், சோலை மூக்கைப் பார்த்துக்கொண்டே.

அவ்வளவுதான் பேச்சு.

படம் அருமையாக வந்தது. சோலை அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கண் திறந்ததில்லை. புதுச் சட்டம் போட்டு, கண்ணாடி துடைத்து அனுப்பினோம். அமாவாசைக்கு ராக்கம்மாள் படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடத்தைத் தூக்கினாள். அந்த வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். சுவரில் மகன் நிற்கிறான். செத்தவருடைய சட்டைக்குள், மாலைக்கு நடுவில், மகனுடைய கண். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டுச் சூடம் காட்டிவிட்டேனே என்று தட்டைப் போட்டுவிட்டுக் கத்தினாளாம். அடுத்த தெருவரைக்கும் கேட்டதாம்.

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை பார். சோலையும் யோசிக்கவில்லை, அந்த மனுஷனும் யோசிக்கவில்லை. எங்களுக்கு எந்நேரமும் படம், மாலை, படம், மாலை. உயிரோடு இருக்கிற கண்ணை அதற்குள் வைக்கிறது எங்களுக்குக் காபி ஆற்றுகிற மாதிரி. மற்றவர்களுக்கு அது அப்படி இல்லை என்று எப்படித் தெரியும்?

மறுநாள் அந்த அம்மாள் படத்தை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். சண்டை போடவில்லை. ஐயா காலில் விழப்போனாள். "எனக்குப் பழைய கண்ணையே வச்சுக் குடுங்கய்யா. இது அவரில்ல. அவரு அப்படித்தான் பாப்பாரு, மச்சத்தோட, எனக்குத் தெரியாதா?" என்றாள். ஐயா சோலையைப் பார்த்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவன் தேறியிருப்பான்.

அந்தக் காகிதம் இன்னொரு சுரண்டலைத் தாங்காது. முதலில் படம் பிடித்த கண்ணாடித் தகடு பெட்டியில் இருந்தது, அதிலிருந்து புதிதாகப் படம் போட்டார்கள். கண் மூடின பால்சாமி மறுபடி வந்தார். நான் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தேன். வேறு யார் உட்காருவார்கள்? அந்த அம்மாள் உள்ளே எங்கள் ஆத்தா படத்துக்குக் கீழே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். என் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டே இருந்தது. சோலைக்குத் தெரியவில்லை, எரிச்சலா அழுகையா என்று. சிமிட்டாதேக்கா என்று அவன் அன்றைக்குச் சொல்லவில்லை. கை நடுங்காமல் போட்டான். மச்சத்தையும் வைத்தான்.

குருநாதனுக்குக் கண்டம் கழியவேண்டும் என்று அந்த மாசமே சிவகாசிப் பக்கம் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். அவர் மறுத்துப் பார்த்தாராம், ராக்கம்மாள் சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆனால் மணமேடையில் அந்தப் படத்தை வைத்து, பொண்ணும் மாப்பிள்ளையும் விழுந்து கும்பிட்டார்கள் என்று ஐயா வந்து சொன்னார். அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். விழுந்து கும்பிட்டாரே மனுஷன்.

இங்கே அப்புறம் யார் வருவார்கள்? செத்தவன் கண் அந்தப் பொண்ணுக்கு என்று பேர் ஆகிவிட்டது. வந்த இரண்டு மூன்று பேரும் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெருவில் வயசுப் பிள்ளைகள் என்னைக் கண்டால் எட்ட நடக்கும். பிறகு தார் சுற்ற உட்கார்ந்தேன். ராட்டினம் என்னை ஏன் பார்க்கிறாய் என்று கேட்காது.

அதற்குப் பிறகு சோலை பிளேடைத் தொடவில்லை. ஐயா கெஞ்சினார், ஸ்கேலை எடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. மெட்ராஸுக்குப் போனான். படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற காலேஜில் சேர்ந்தான். அங்கே வாத்தியார்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது, கண்ணை மட்டும் திற என்றார்களாம். மாட்டேன் என்றானாம். பரீட்சையில் மார்க் போகும் என்றார்களாம். போகட்டும் என்றானாம். அவ்வளவுதான் தாயி உன் முதல் கேள்விக்குப் பதில். சின்ன வயசில் கண்ணாகப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. நாக்கில் ஒரே பண்டம் திகட்டிப்போகாதா? தியானமும் இல்லை, ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு ஆற்றாமைதான் அவன் மேலே. ஊரான் வீட்டுப் பிணத்துக்கெல்லாம் வரைந்தான், வெள்ளைக்காரன் வாங்கிப்போகிற அளவுக்கு வரைந்தான், கூடப் பிறந்தவளை ஒரு தடவை வரைந்தானா? வருஷம் தவறாமல் பொங்கலுக்கு வருவான். சேலை எடுத்து வருவான், வெல்லம் வாங்கி வருவான். என்னை ஒரு படம் போடேன்டா என்பேன். அப்புறம் அப்புறம் என்பான். என் முகத்துக்கு நேரே உட்காரமாட்டான். பக்கவாட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். பெரிய மனுஷன் ஆகிவிட்டான், நாம் கண்ணுக்குத் தெரியமாட்டோம் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு எனக்குக் கண் மங்கியது. கண்ணில் அழுத்தமாம். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினான். போனது போனதுதான், இருக்கிறதும் இருக்காது என்றார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் நான்தான் அவனைத் தேற்றினேன். எனக்கென்னடா, ஊரெல்லாம் என் கண் கிடக்கிறது, எங்கேயாவது ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும் என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவன் சன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. ரோடு மோசம்.

போன பங்குனியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். பொங்கலுக்கு வந்தவன் பங்குனியில் ஏன் வருகிறான்? நடை மாறியிருந்தது, செருப்பை இழுத்து இழுத்து வைத்தான். வயிற்றில் கட்டி என்று பிறகு தெரிந்தது, என்னிடம் வாயு என்றான். கொடுத்த கஞ்சியை வைத்துவிட்டு, "அக்கா, நீ கேட்டியே ஒரு படம், போட்டுரலாமா?" என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் போன பிறகு மாட்டப்போகிற படம், நல்லாப் போடு என்றேன். மாட்ட யார் இருக்கிறார்கள் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதே சன்னல், அதே முக்காலி. வெளிச்சம் முகத்தில் சூடாகப் பட்டது. அவன் மூக்கு எங்கே என்று தெரியவில்லை, மூச்சு வந்த பக்கம் பார்த்தேன். பென்சில் ஓடுகிறது கேட்டது. நெற்றி போடுகிறான், மூக்குப் போடுகிறான், காதுக்கு வந்துவிட்டான், எல்லாம் எனக்குச் சத்தத்திலேயே தெரியும். கண்ணை நன்றாக விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கம்.

அந்தப் படம் பீரோவுக்குள் இருக்கிறது, போகிறபோது காட்டுகிறேன். லூர்து பார்த்துவிட்டு, அச்சு அசல் நீதான் அக்கா, கண்ணு நல்லா முழிச்சிருக்கு, ஆனா சோலையண்ணன் பாக்குற மாதிரியே இருக்கு என்றாள். கூடப் பிறந்தவர்களுக்குச் சாடை இருக்காதா? மச்சத்தைக் காணோம் என்றாள். அதுதான் எனக்குக் கோபம். எத்தனை பேருக்கு வைத்தான், எனக்கு வைக்க மறந்துபோனான். கேட்கலாம் என்று பார்த்தால் ஆள் இல்லை. மெட்ராஸ் போய்ச் சேர்ந்தான், சித்திரை பிறக்கிறதற்குள் போய்விட்டான்.

அன்றைக்கு முகமெல்லாம் முடித்துவிட்டான். கண் ஒன்றுதான் பாக்கி. நான் விரித்த கண்ணை விரித்தபடி இருந்தேன். "போதும்க்கா, நீ எந்திரி. கட்டில்ல போய் உக்காந்து கண்ணை மூடிக்கோ" என்றான். இனிமேதானேடா கண்ணு போடணும் என்றேன். மூடிக்கோ என்றான். என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கட்டிலில் உட்காரவைத்தான்.

அப்புறம் அவன் சுவரோரம் போனான். ஐயா சவரம் பண்ணுகிற கண்ணாடி இருக்கிறதே, இரும்புச் சங்கிலி போட்டது, அது ஆணியிலிருந்து இறங்குகிற சத்தம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வயசான காலத்தில் பயலுக்கு அழகு பார்க்கத் தோன்றுகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கொண்டுவந்து முக்காலியில், நான் எழுந்த சூடு ஆறாத இடத்தில், சன்னலுக்கு நேரே அதை நிறுத்திவைத்தான். எதிரில் உட்கார்ந்தான். பிறகு பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி, டம்ளர் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினான்.